விடியுமுன் கதவு திறக்கும் தாஸ்கா: பாடாங் செராய் அம்மாக்களுக்காக

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பாடாங் செராயில் தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையம், தேடுகிற பெண்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, மாதம் எவ்வளவு என்று. கட்டணம் முக்கியம்தான், அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, காலையில் எத்தனை மணிக்குக் கதவு திறப்பீர்கள் என்பதைத்தான். எங்கள் தாமான் (குடியிருப்பு) முச்சந்திக்கு ஃபேக்டரி பஸ் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும். வழியெல்லாம் ஆளேற்றிக்கொண்டு ஏழு மணி ஷிஃப்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஏழரைக்குத் திறக்கிற தாஸ்காவில் சுவர் முழுக்கப் படம் வரைந்திருக்கலாம், ஏர்கோன் இருக்கலாம், பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம்கூட இருக்கலாம். நமக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

நான் எழுதப்போகிற இடம் காலை ஐந்தேகாலுக்குத் திறக்கிறது. இரவு எட்டேகாலுக்கு மூடுகிறது. ஓர் அக்கா தம் வீட்டிலேயே நடத்துகிறார். கடைவீதிக்குப் பின்னால், பழைய தாமானில், மூலை வீடு. என் மகளைக் கைக்குழந்தையாகக் கொண்டுபோய் விட்டேன். இப்போது அவளே செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறாள். பெயரையும் தெருவையும் போடவில்லை. அக்கா கேட்டுக்கொண்டது அது: "எழுதுங்க தங்கச்சி, ஆனா பேரப் போட்றாதீங்க. இடமில்லன்னு எத்தன பேருக்குத்தான் சொல்றது, எனக்கே மனசு கஷ்டமா இருக்கு." அவரிடம் ஒன்பது பிள்ளைகளுக்குத்தான் இடம். 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி வீட்டில் நடத்துகிற தாஸ்கா பத்துக்குக் குறைவாகத்தான் பிள்ளைகளை எடுக்கலாம். அக்காவின் பதிவுச் சான்றிதழ் ஹாலில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. நீங்கள் வேறு எங்கே விட்டாலும் முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ பார்த்துக்கொள்கிற வீடு சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் மோசமானவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதிந்த இடத்துக்குள் அதிகாரி வந்து பார்ப்பார், ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று கணக்கு இருக்கும், பார்த்துக்கொள்கிறவர் பயிற்சி எடுத்திருப்பார். பிள்ளையை விட்டுவிட்டு லைனில் போய் நிற்கிற நமக்கு இந்த மூன்றும் வேண்டும்.

காலையில் பிள்ளையை வாங்குகிற விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் நான் அங்கே விடுவது என்று முடிவு செய்தேன். வாசலில் சின்ன விளக்கு ஒன்றுதான் எரியும். ஹால் விளக்கைப் போடமாட்டார், முன்னால் வந்த பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை நம் தோளிலிருந்து தம் தோளுக்கு மாற்றிக்கொள்வார், பேசமாட்டார். நெற்றியில் தெர்மாமீட்டர். அப்புறம் கைப்பேசி டார்ச்சை அடித்து உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்ப்பார், பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார், கால் விரல் இடுக்கையும் விடமாட்டார். கடைசியில் உதட்டை மெல்ல விலக்கி வாய்க்குள் ஒரு பார்வை. கை, கால், வாய்ப்புண் நோய்க்குத்தான் இந்தச் சோதனை. ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒன்பதுக்கும் பரவும், ஒன்பது அம்மாக்களும் வேலைக்குப் போக முடியாது. இவ்வளவும் முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது, பெரும்பாலும் பிள்ளை விழிக்காது. பிறகு நோட்டைத் திறந்து நேரத்தை எழுதி, "கடைசியா எப்ப பால் குடிச்சா?" என்று மட்டும் கேட்பார். சாயந்திரம் அதே நோட்டில் எத்தனை மணிக்கு எவ்வளவு பால் குடித்தாள், எப்போது தூங்கினாள், வயிற்றுக்குப் போனது எப்படி என்று எல்லாம் எழுதியிருக்கும். பன்னிரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்க்காத தாய்க்கு அந்த ஒரு பக்கம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழைந்த சோறு, பருப்பு, கேரட் போட்ட சூப், முட்டை. வெள்ளிக்கிழமை சைவம். பாக்கெட் ஜூஸும் மெகியும் கிடையாது. பால் கறந்து கொண்டுவருகிறவர்களுக்கு ஃப்ரீசரில் தனித்தட்டு இருக்கிறது, ஒவ்வொரு பையிலும் பெயரும் தேதியும் ஒட்டியிருக்க வேண்டும் என்பதில் அக்கா கறாராக இருப்பார். பிள்ளைகளோடு தமிழில்தான் பேச்சு. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையன் ஒருவனும் அங்கே வளர்கிறான், அவன் "பாட்டி, தண்ணி" என்று கேட்பதை நீங்களே கேட்கலாம்.

அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த விமர்சனம் பாதிதான். அக்காவுக்கு உதவியாக இரண்டு பேர். ஒருவர் ஐந்தாம் படிவம் முடித்த பெண், அரை நாள் வருகிறார். இன்னொருவர் பாட்டி. பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயாக் கொட்டகையில் ஆயாவாக இருந்தவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தாமானுக்கு வந்தன, கொட்டகையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போய் ஒருநாள் மூடிவிட்டார்கள். பாட்டிக்கு அதற்குப் பிறகு வேலையில்லை. ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாதவர், வயதாகிவிட்டது, எந்த ஃபேக்டரி எடுக்கும்? அக்காதான் கூட்டிவந்தார். பராமரிப்பாளர்கள் எடுத்தே ஆக வேண்டிய கேஏபி பயிற்சிக்கும் அனுப்பிவைத்தார். இளம் பெண்களுக்கு நடுவே மலாய் வகுப்பில் உட்கார்ந்து, மூச்சடைத்த குழந்தைக்கு முதுகில் எப்படித் தட்டுவது என்று பொம்மையை வைத்துச் செய்து காட்டித் தேறிவிட்டு வந்தார் பாட்டி. அழுகிற பிள்ளை அவர் தோளுக்குப் போனால் அடங்கிவிடும். எத்தனை பிள்ளைகளை வளர்த்த தோள் அது!

என் அம்மாவும் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்தான். இருட்டில் எழுந்து, சோறாக்கி, என்னைப் போர்வையில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஓடுவார். ஏணைகள் வரிசையாகத் தொங்கும் நீளமான பலகைக் கட்டடம் அது. குறைகள் நிறைய இருந்தன. ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கணக்கே இல்லை, சொறியும் சளியும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டும். ஆனாலும் வேலை தொடங்குவதற்கு முன்னால் கொட்டகை திறந்திருக்கும். பெண்கள் வெட்டுக்கு வராமல் தோட்டம் நடக்காது என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அதனால் பிள்ளையை எங்கே விடுவது என்பதற்கு நிர்வாகம் ஏதோ ஒரு வழி செய்து வைத்திருந்தது. இது சட்டத்திலும் உண்டு. தொழிலாளர்களின் வீட்டுவசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில், தோட்ட முதலாளி குழந்தைக் காப்பகம் வைப்பதைப் பற்றிய விதிகள் இருக்கின்றன. எங்கள் தலைமுறை தோட்டத்தை விட்டு ஃபேக்டரிக்கு வந்தது. சம்பளம் கூடியது, இ.பி.எஃப். சேமநிதி கூடியது, வெயிலும் மழையும் மருந்தடிப்பும் இல்லை. பிள்ளையை விடியற்காலையில் எங்கே விடுவது என்ற கேள்விக்கு மட்டும் முதலாளி பக்கத்திலிருந்து ஒரு பதிலும் இல்லாமல் போயிற்று. லைனில் எங்களை நிறுத்துகிறவர்களுக்கும் நாங்கள் வராமல் வேலை நடக்காது என்று தெரியாமலா இருக்கும்?

இந்த அக்கா வீட்டுக்கு முன்னால் வேறோர் இடத்தில் என் மகளை விட்டிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஏழரைக்குத்தான் திறப்பார்கள். அதுவரை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் பஸ் ஏற, மாமியார் தாம் வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவார். மாமியாருக்குக் கால்வலி வந்த மாதம் எல்லாம் குலைந்தது. லீவு எடுத்தேன், எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தேன், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போனது. என்னோடு அதே லைனில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, மைக்ரோஸ்கோப்பில் பழுது கண்டுபிடிப்பதில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. அவளுக்கு மாமியாரும் இல்லை, அம்மாவும் தொலைவில். மகப்பேறு விடுப்பு முடிந்து வந்து கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தாள், அப்புறம் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. நல்ல மாற்றம், அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த 98 நாள் முடிந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு மூன்று மாதக் குழந்தையை யார் கையில் கொடுப்பது என்பதைத்தான் எந்த விண்ணப்பப் பாரத்திலும் யாரும் கேட்பதில்லை.

இனி கட்டணம். கைக்குழந்தைக்கு மாதம் 550 வெள்ளி (ரிங்கிட்), ஒரு வயது தாண்டினால் 450. பேம்பர்ஸும் பால்மாவும் நம்முடையது. முன்பணம் ஒரு மாதம். நேரம் கடந்து எடுத்தால் அரை மணிக்குப் பத்து வெள்ளி, ஆனால் பஸ் பழுதாகிப் பிந்தினால் காசு வாங்கமாட்டார். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கிற நாட்டில் 550 என்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கிறவர்களுக்கு இது கழுத்தை நெரிக்கும். ஓ.டி. வந்தால்தான் மூச்சுவிட முடியும்.

இருந்தாலும் அக்கா அதிகம் வாங்குகிறார் என்று என்னால் சொல்ல முடியாது. நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒருவர் என்பது விதி. மூன்று கைக்குழந்தைகளின் கட்டணம் சேர்ந்தால் 1,650 வெள்ளி. அந்த மூவரைப் பார்த்துக்கொள்கிற ஒருவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கிற சிறு முதலாளிகளுக்கும் 2025 ஆகஸ்ட் முதல் இதே சம்பளம்தான். அரிசி, கேஸ், தண்ணீர், கரண்ட் எதுவும் சேர்க்காமலே ஐம்பது வெள்ளி துண்டு விழுகிறது. பெரிய பிள்ளைகள் ஆறு பேரின் கட்டணத்தை வைத்து அக்கா அதைச் சரிக்கட்டுகிறார். பாட்டிக்கு முழுச் சம்பளம், சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்டுகிறார். அரை நாள் வருகிற பெண்ணுக்கு மணிக்கு 8 வெள்ளி 72 காசு, சட்டம் சொல்கிற கணக்குப்படி. எல்லாம் போக அக்கா கையில் நிற்பது, லைனில் நிற்கிற எனக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அதற்கு அவர் காலை ஐந்திலிருந்து இரவு எட்டரை வரை அந்த வீட்டை விட்டு நகர முடியாது. நாங்கள் ஒன்பது பேர் வேலைக்குப் போவது அந்த ஒருவருடைய உழைப்பின் மேல் நிற்கிறது. "கட்டணத்தைக் குறையுங்களேன் அக்கா" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

வருமானவரியில் பிள்ளை பராமரிப்புக் கட்டணத்துக்கு 3,000 வெள்ளி வரை கழிவு உண்டு, பதிவு பெற்ற தாஸ்காவாக இருக்க வேண்டும். அக்கா கேட்டால் ரசீது கொடுப்பார். ஆனால் அது வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. ஃபேக்டரி லைனில் நிற்கிற பல பெண்களின் சம்பளம் அந்த அளவுக்கு வருவதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரிய குறை, இரவு ஷிஃப்டுக்குப் பிள்ளை எடுப்பதில்லை. முன்பு தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை பெண்களை வேலை வாங்கத் தொழிலாளர் இலாகாவின் அனுமதி வேண்டும். 2023இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு எத்தனையோ வருடங்களாகப் பெண்கள் இரவில் நின்ற லைன்கள்தான் அவை, அதனால் நடைமுறையில் பெரிய மாற்றம் இல்லை. எனக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரம் என் கணவர் வீட்டில் இருக்கிறபடி அவருடைய மில் வேலையை மாற்றிக்கொள்கிறார். கணவர் இல்லாதவர்கள், கணவருக்கும் இரவு வேலை வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? எங்கள் பஸ்ஸில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரும் மாதத்தில் பாதி நாள் பிள்ளையை ஊரிலிருக்கும் அம்மாவிடம் விடுகிறார்கள். இதை அக்காவின் குறையாக எழுதுவதுகூட நியாயமில்லை, அவரும் தூங்க வேண்டும். ஆனால் அங்கே விட நினைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கை, கால், வாய்ப்புண் வந்தால் கொப்புளம் முழுக்கக் காய்ந்து, கிளினிக் கடிதம் கொண்டுவரும்வரை உள்ளே விடமாட்டார். சரியான விதிதான். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும், அந்த நாட்களுக்குக் கட்டணக் கழிவும் இல்லை. சம்பளமில்லா லீவும் சேர்ந்து அந்த மாதம் இரண்டு பக்கமும் அடி. கட்டணத்தில் பாதியாவது குறைக்கலாம் என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறேன், யோசிப்பதாகச் சொன்னார். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் டிவி ஓடுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டி களைத்துப்போகிற நேரம் அது என்பதும் தெரிகிறது. வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமில்லை, பெரிய மழை பெய்தால் சந்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கவனமாக நடக்க வேண்டும். தீபாவளிக்கு ஒரு வாரம் மூடுவார், தைப்பூசத்துக்கு இரண்டு நாள். மூன்று மாதத்துக்கு முன்பே வாட்சாப்பில் தேதி போட்டுவிடுவதால் லீவு சொல்லிவைக்க முடிகிறது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரைப் புள்ளி டிவிக்கும் நோய்நாள் கட்டணத்துக்கும்.

நாட்டுக் கணக்கில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 56 பேர் அளவில்தான் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள். ஆண்களில் அது 80ஐத் தாண்டுகிறது. பெண்களுக்கு 60 விழுக்காடு என்று 2023இல் அரசாங்கத்தின் பொருளாதார மடானி திட்டத்தில் இலக்கு வைத்தார்கள். வெளியே நிற்கிற பெண்கள் சொல்லும் காரணங்களில் முதலாவது வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும்தான். பேட்ஜைத் திருப்பிக் கொடுத்த என் தோழியும் அந்தக் கணக்கில் ஒருத்தி. அவளுக்குத் திறமை குறைவில்லை, பயிற்சி தேவையில்லை, ஊக்கப் பேச்சும் தேவையில்லை. ஐந்தேகாலுக்குத் திறக்கிற ஒரு கதவு போதும். இடத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் என்று அக்கா வைத்திருக்கும் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. முன்னால் இருக்கிற இருவரும் கூலிமில் வேலை பார்த்துவிட்டு, பிறகு வேலையை விட்டவர்கள்தான்.

பிள்ளைகளைக் கூட்ட வேண்டுமென்றால் அக்கா வீட்டை விட்டுக் கடைவீடு எடுக்க வேண்டும். தீயணைப்பு இலாகா அனுமதி, நகராண்மைக் கழக அனுமதி, அதற்கேற்ற மாற்றங்கள், வாடகை என்று செலவு ஏறும். அதை அம்மாக்கள் கட்டணத்தில் ஏற்றினால் நாங்களே விலகிவிடுவோம். ஃபேக்டரிகள் ஆளுக்கொரு பங்கு போட்டால் நடக்கும். ஷிஃப்ட் ஆள் கிடைக்கவில்லை என்று பஸ்ஸின் பின்புறமே விளம்பரம் ஒட்டிவைத்திருக்கிறார்கள், பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிறார்கள், ஹாஸ்டலுக்குக் கொடுக்கிறார்கள். தாஸ்காவுக்கும் கொடுக்கலாம். இதை எழுதி எங்கள் ஹெச்.ஆரிடம் ஒரு கடிதம் கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. மலாயில் எழுதியாயிற்று, பஸ்ஸில் வருகிற மலாய்ப் பெண்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பாடாங் செராயிலிருந்தும் லூனாஸிலிருந்தும் ஹைடெக் பார்க்குக்குப் போகிறவர்கள், எந்த ஃபேக்டரியாக இருந்தாலும், உங்கள் ஹெச்.ஆருக்கும் இதே கடிதத்தைக் கொடுக்கலாம். பிரதி வேண்டுமென்றால் காலை பஸ்ஸில் முன் இருக்கையில் இருப்பேன், கேளுங்கள். உங்கள் பிள்ளையின் வயதையும் ஷிஃப்ட் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் கடிதத்தோடு சேர்த்துவிடலாம்.